நாலாவது கம்பி

லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கைகள் மட்டுமே வெளியே தெரிந்தன. இடது கையில் கழுவித் துடைத்த ஊறுகாய் பாட்டில் ஒன்று. வலது கை, இன்ஜினின் ஆயில் சேம்பருக்கு அடியில் இருந்த திருகை அரைச் சுற்று தளர்த்திவிட்டு அப்படியே நின்றது. முதலில் ஒரு சொட்டு. பிறகு நூல் போல ஒரு கசிவு. வலது கை இன்னும் கொஞ்சம் திருகியது; கசிவு ஒழுக்காயிற்று. பாட்டில் நிறைந்ததும் திருகு மூடிக்கொண்டது. நிறைந்த பாட்டில் வெளியே வந்து சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தது. அடுத்த பாட்டில் உள்ளே போயிற்று.

கந்தசாமி முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு வருஷமாக லாரி ஓட்டுகிறவன். ஆயில் மாற்றுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். திருகைக் கழற்றுவார்கள், கறுப்பு எண்ணெய் சட்டியில் கொட்டும், அவ்வளவுதான். யாரும் பாட்டில் பாட்டிலாகப் பிடித்து வரிசை வைத்து அவன் பார்த்ததில்லை.

முதல் நான்கு பாட்டில்களில் தண்ணீர். குடித்துவிடலாம் போல அவ்வளவு தெளிவு. அடியில் மட்டும் விரற்கடை செம்மண். ஆறாவது பாட்டிலிலிருந்து நல்ல கறுப்பு எண்ணெய். நடுவில் இருந்த ஐந்தாவதுதான் விநோதமாக இருந்தது. பாலை ஜாஸ்தி ஊற்றிவிட்ட டீ மாதிரி இருந்தது அது.

கைகள் அந்த ஐந்தாவது பாட்டிலை மட்டும் வரிசையிலிருந்து எடுத்து, தனியே சுவரோரம் வைத்தன. அதற்குப் பிறகுதான் முழு ஆளும் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, காதில் செருகிய சாக்பீஸ். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் போகும் சாலையில், தகரக் கூரை போட்ட இந்தப் பட்டறையை வைத்திருக்கும் இன்னாசி மேஸ்திரி.

"கந்தசாமி, தண்ணி வடிஞ்சப்புறம் வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"

"இல்ல மேஸ்திரி. செல்ப்பத் தொடவே இல்ல."

இன்னாசி தலையை ஆட்டினார். நம்பினார் என்றோ நம்பவில்லை என்றோ அந்த ஆட்டலில் எதுவும் தெரியவில்லை.

செல்ப் மோட்டாரைத் தொடவில்லை என்பது உண்மைதான். அதனால்தான் அந்தப் பதில் அவன் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது.

நடந்தது இது. புயல் மழை பெய்து மலைத் தண்ணீர் மொத்தமும் அடிவாரத்து ஓடையில் இறங்கிய நாளில், வெள்ளிமலைப் பக்கமிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்தான் கந்தசாமி. தரைப்பாலத்துக்கு மேல் முழங்கால் அளவு தண்ணீர் போவதைப் பார்த்து, இக்கரையிலேயே ஒரு புளியமரத்தடியில் லாரியை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் போய்ப் படுத்தான். அதுவரை எல்லாம் சரி. விடிந்து பார்த்தால் ஓடை புளியமரத்தையும் தாண்டி வந்திருந்தது. லாரியின் கூரையும் முகப்புக் கண்ணாடியின் மேல்பாதியும் மட்டும் தெரிந்தன. இரண்டு நாள் லாரி அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. ஊர்க்காரர்கள் கிழங்கை இறக்கிக் கொடுத்தார்கள். ஒரு டிராக்டர் லாரியைச் சேற்றிலிருந்து பிடுங்கி, மேட்டில் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. லாரியின் மூக்கு இறக்கத்தைப் பார்த்து நின்றது. அங்கேதான் கந்தசாமிக்கு அந்த நினைப்பு வந்தது.

கல்வராயன் மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியை நிறுத்தும்போதே இறக்கம் பார்த்து நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவார்கள். காலையில் கல்லை எடுத்து, உருளவிட்டு, கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் இன்ஜின் தானாகப் பிடித்துக்கொள்ளும். பேட்டரிக்கு வேலை கம்மி. மலைக்குளிரில் செல்ப் மோட்டாரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. கந்தசாமி ஒன்பது வருஷமாக இந்த லாரியை அப்படித்தான் எழுப்பியிருக்கிறான். அன்றைக்கும் அப்படியே செய்தான். முதலாளிக்கு போன் போட்டு, 'வண்டி ஓடுதும்மா' என்று சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை.

முப்பது அடி உருண்டது. கிளட்சை விட்டான். உலைக்களத்தில் சம்மட்டி விழுந்தது போல ஒரு சத்தம். பின்சக்கரங்கள் சுற்றாமல் நின்றுவிட, லாரி மட்டும் தாரில் இழுபட்டுக்கொண்டே போய் நின்றது. ஓடி வந்தவர்களிடம், "ஒண்ணுமில்ல, சேறு அடைச்சுக்கினு இருக்கு" என்றான். அவர்கள் போய்விட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து முதலாளி செந்தமிழ்ச்செல்வி போனில் வந்தாள். தியாகதுருகத்துக்காரி. புருஷன் தனசேகரன் ஓசூரில் கம்பெனி வேலை. ஊரில் லாரி அவள் பொறுப்பு.

"கந்தசாமிண்ணா, மேஸ்திரிகிட்டப் பேசிட்டேன். எதையும் தொடக் கூடாதாம். பின்னாடி ஜாயிண்டக் கழட்டிட்டு, இன்ஜின் சுத்தாம சக்கரம் மட்டும் உருள்றாப்புல இழுத்துக்கினு வரச் சொன்னாரு. நீ எதுவும் பண்ணலியே?"

"இல்லம்மா."

அந்த ஒரு 'இல்லம்மா'வைச் சுமந்துகொண்டுதான் அவன் இப்போது பட்டறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மெக்கானிக்குகளை அவனுக்குத் தெரியும். எண்ணெயை மாற்றுவார்கள், வடிகட்டியை மாற்றுவார்கள், ஸ்டார்ட் பண்ணுவார்கள். கிளம்பிவிட்டால் நடந்ததை யாரும் கேட்கப் போவதில்லை. கிளம்பாவிட்டால் தண்ணீர்மேல் பழி. எப்படியும் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான்.

ஆனால் இன்னாசி வேறு மாதிரி ஆளாக இருந்தார்.

அவர் எலவனாசூர்கோட்டைப் பக்கம் பிறந்தவர். எட்டாவதோடு படிப்பு நின்றது. பதினைந்து வயதில் அவருக்குக் கிடைத்த கூலி வேலை, கிணற்றில் முழுகுவது. அந்தக் காலத்தில் பம்ப் இழுக்கும் டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே ஒரு மேடை வெட்டி வைத்திருப்பார்கள். ஐப்பசி கார்த்திகையில் ஊற்று திறந்து கிணறு நிறைந்தால், இன்ஜினும் உள்ளே போய்விடும். இன்னாசி இடுப்பில் வடத்தைக் கட்டிக்கொண்டு முழுகுவார். இன்ஜினில் வடத்தை மாட்டுவார். மேலே பத்துப் பேர் இழுப்பார்கள். கரைக்கு வந்த இன்ஜின்களில் சில மறுநாளே ஓடின. சில மறுபடி ஓடவே இல்லை. இது ஏன் என்று மற்றவர்கள் கேட்கவில்லை. அவர் கேட்டார். ஒவ்வொரு கிணற்றடியிலும் கூலி வாங்கின பிறகு வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். எண்ணெயை வடித்தவர்கள், அவசரத்தில் வடிக்காமல் ஓட்டியவர்கள், மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவியவர்கள், வெயிலில் வைத்தவர்கள். ஒரு நோட்டில் எழுதிவைத்தார். நான்கு மழைக்காலம் முடிந்தபோது, முழுகுவதற்கு வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். இன்னாசியைக் கரையில் உட்கார வைத்தார்கள். அவர் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் இன்ஜின்களைத் திறந்து திறந்து தெரிந்துகொண்டது.

முழுகின வண்டி வந்தால் அவரிடம் ஒரு கட்டாயம். வண்டியோடு டிரைவரும் வந்தாக வேண்டும். வேலை முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். "முதலாளிக்கு வண்டி எங்க நிக்குதுன்னுதான் தெரியும். அதுக்கு இன்னா நடந்துதுன்னு ஓட்டினவனுக்குத்தான் தெரியும்" என்பார்.

அன்று காலையிலேயே பேட்டரி வயரைக் கழற்றித் தனியே வைத்துவிட்டார். செல்ப் மோட்டாரையும் டைனமோவையும் இறக்கிப் பிரித்தார். அவர் மனைவி உபகாரமேரி, வெளியே வெயிலில் பாய் விரித்து, அந்தச் செம்புச் சுருள்களையும் மூடிகளையும் அப்பளம் காயவைப்பது போல இடம் விட்டுப் பரப்பினாள். மணிக்கு ஒருமுறை வந்து ஒவ்வொன்றையும் புரட்டிவைத்தாள். ஒரு திருகாணி இடம் மாறவில்லை.

பதினொரு மணிக்குச் செந்தமிழ்ச்செல்வி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அப்போதுதான் இன்னாசி காற்று வடிகட்டியின் டப்பாவைத் திறந்திருந்தார். உள்ளேயிருந்து ஒரு நண்டு, யார் கூப்பிட்டது என்பது போலக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"ஏண்ணா, கிழங்கு லோடு ஏத்தச் சொன்னா நண்டு லோடு ஏத்திக்கினு வந்திருக்க?" என்றாள் செல்வி.

கந்தசாமி சிரித்துவைத்தான்.

"மேஸ்திரி, ஞாயித்துக்கெழம மலையில கிழங்கு பிடுங்க ஆள் வுட்டிருக்காங்க. பதினோரு குடும்பம் நம்ம வண்டிய நம்பிக்கினு இருக்குது. பிடுங்கிட்டா ரெண்டு நாள்ல ஆலைக்குப் போயாகணும், இல்லன்னா கறுத்துப் போயிடும். வண்டி ஓடுமா?"

"உள்ள எதுவும் வளையலன்னா நாளைக்கே ஓடும்மா."

"வளைஞ்சிருந்தா?"

"வளைஞ்சத மாத்தாம ஓட்டினா, ஒரு மாசமும் ஓடும். ஒரு நாளும் ஓடும். லோடோட மலைய வுட்டு எறங்கறப்போ ரெண்டாவது கியருல இன்ஜின்தான வண்டியப் பிடிச்சுக்கினு வருது? அந்த எடத்துல உள்ள பிஸ்டனப் பிடிச்சிருக்கற ராடு ஒடைஞ்சா, பிடிக்கறதுக்கு ஆள் இல்ல."

சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த இறக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கப் போவது கந்தசாமிதான். லோடுக்கு மேலே கிழங்கு மூட்டைகளில் சாய்ந்து நான்கைந்து பேர் எப்போதும் வருவார்கள்.

இன்னாசி இன்ஜினின் தலைப்பக்கம் ஏறினார். டீசலைத் தெளிக்கும் ஆறு நாசில்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்த ஓட்டைக்குரியது என்று சாக்பீஸால் எண் போட்டு வைத்தார். இப்போது ஆறு சிலிண்டர்களுக்கும் மேலே ஆறு ஓட்டைகள் திறந்திருந்தன. ஒரு நீள ஸ்பானரை இன்ஜினின் முன்பக்கத்துக் கப்பியின் நட்டில் மாட்டினார்.

"செல்ப்புல சுத்தலாமே மேஸ்திரி? வேற பேட்டரி இருக்குது" என்றான் கந்தசாமி.

"கையால சுத்தினா, எங்கியாச்சும் இடிச்சா கை நின்னுடும். மோட்டாருக்கு அந்தப் புத்தி கெடையாது." கொஞ்சம் இடைவெளி விட்டு, "எறக்கத்துக்கும் கெடையாது" என்றார்.

கந்தசாமி தரையைப் பார்த்தான்.

ஸ்பானரை அவர் அழுத்தினார். இன்ஜினுக்குள் எங்கோ ஏதோ முனகியது. முதல் ஓட்டையிலிருந்து வெறும் காற்று. இன்னும் அழுத்தினார். ஐந்தாவது ஓட்டையிலிருந்து, அடிபம்பில் வருவது போல ஒரு கொப்பளிப்பு. அப்புறம் மூன்றாவதில் கொஞ்சம். பிறகு நான்காவதிலிருந்து ஒரு தாரை நேராகக் கிளம்பித் தகரக் கூரையில் போய் அடித்தது. கூரையிலிருந்து செம்மண் தண்ணீர் மூவர் தலையிலும் சொட்டியது.

"யம்மாடி!" என்று செல்வி பின்னால் நகர்ந்தாள். "இவ்ளோ தண்ணி உள்ள உக்காந்துக்கினு இருந்துதா?"

"காத்த அமுக்கலாம்மா, பொசுக்குன்னு ஒடுங்கிக்கும். தண்ணிய அமுக்க முடியாது. அமுக்கினா, அது எடம் குடுக்காது. இரும்புதான் எடம் குடுக்கணும்." முகத்தைத் துடைத்துக்கொண்டு கந்தசாமியின் பக்கம் திரும்பினார். "அந்த டீ பாட்டிலப் பாத்தல்ல? நின்ன வண்டியில ஆயில் வேற, தண்ணி வேறன்னு தனித்தனியா உக்காந்துடும். கலங்கணும்னா சுத்தணும். வண்டிய இழுத்துக்கினு வர்றப்போ ஏதாச்சும் ஆச்சா?"

"ஜாயிண்டக் கழட்டிட்டுத்தான மேஸ்திரி வந்தோம்."

"ஆமா. அப்போ இன்ஜின் சுத்தியிருக்காது."

அவ்வளவுதான் சொன்னார். கோபமோ குத்தலோ அந்தக் குரலில் இல்லை. கணக்கு ஒத்துவராத இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவரைப் போலத் திரும்பிக்கொண்டார்.

உள்ளே மரப்பெட்டியிலிருந்து இரண்டு பித்தளைக் கம்பிகளை எடுத்து வந்தார். ஒரே நீளம், முனைகள் உரசி உரசி மழுக்கியவை. ஏன் பித்தளை என்று செல்வி கேட்டாள். "உள்ள பிஸ்டன் மேல உக்காரப் போவுது. இரும்பு கீறும். இது கீறாது."

ஒரு கம்பியை முதல் ஓட்டையிலும் இன்னொன்றை ஆறாவதிலும் இறக்கினார். "இந்த இன்ஜின்ல ஒண்ணும் ஆறும் கூட்டாளி. ஒண்ணா ஏறும், ஒண்ணா எறங்கும். ரெண்டும் அஞ்சும் அப்படித்தான். மூணும் நாலும் அப்படித்தான். கூட்டாளிங்க ரெண்டு பேரும் ஒரே ஒசரத்துக்கு வந்தா, உள்ள எதுவும் வளையலன்னு அர்த்தம்."

பிறகு முன்பக்கம் போய்க் கப்பியை மெல்ல அழுத்தினார்.

கந்தசாமி பார்த்தது அவனால் நம்ப முடியாததாக இருந்தது. அந்தப் பெரிய இரும்புக்கட்டியின் இரண்டு கோடிகளிலும் இரண்டு மஞ்சள் கம்பிகள் தாமாக எழுந்தன. தூங்குகிறவன் நெஞ்சு ஏறுவது போல, அவ்வளவு மெதுவாக. ஓரிடத்தில் நின்றன. இன்னாசி கையை எடுத்துவிட்டு வந்து, இரும்பு ஸ்கேலை வைத்து, கண்ணை ஸ்கேலின் மட்டத்துக்குக் கொண்டுபோய், இரண்டையும் அளந்தார். லாரியின் சட்டத்தில் மில்லிமீட்டர் கணக்கைச் சாக்பீஸால் எழுதினார். அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு.

ஒன்பது வருஷமாக அவன் இதன்மேல் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறான். அதன் சத்தம் தெரியும், சூடு தெரியும், புகை தெரியும். உள்ளே இப்படி இரண்டிரண்டாகக் கூட்டாளிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்று தெரியாது. மயிரிழை பிசகாமல், மலைமேல் ஏறும்போதெல்லாம், அவன் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்போதெல்லாம்.

இரண்டாவதும் ஐந்தாவதும். மறுபடி கம்பிகள் எழுந்தன. மறுபடி அதே கண், அதே ஸ்கேல், அதே அவசரமில்லாத சாக்பீஸ். அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு.

"நல்லாத்தான் இருக்குது போல" என்றாள் செல்வி.

கந்தசாமியின் நெஞ்சில் ஒரு ஆசை துளிர்த்தது. ஒன்றும் ஆகவில்லையோ? அந்தச் சத்தம் வெறும் சத்தம்தானோ? அப்படியென்றால் அவன் சொன்னது பொய்யே இல்லை என்று ஆகிவிடும்.

இன்னாசி மூன்றாவது ஓட்டையில் ஒரு கம்பியை இறக்கினார். நான்காவதுக்குரிய கம்பியை எடுத்து, முனையில் ஒட்டியிருந்த ஒரு தூசியைச் சட்டைத் துணியில் துடைத்தார். துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி துடைத்தார். ஒரு தூசி. அதைக்கூட அவர் உள்ளே விடவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த கந்தசாமிக்கு என்ன ஆயிற்று என்று அவனுக்கே சொல்லத் தெரியாது. இந்த மனிதர் காலையிலிருந்து ஒரு சொட்டைக்கூட யோசிக்காமல் ஊற்றவில்லை. இவர் கைக்கு எதிரே, அவன் இவ்வளவு பெரிய அழுக்கை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"மேஸ்திரி, நில்லுங்க."

இன்னாசி நின்றார்.

"நான் உருட்டினேன். எறக்கத்துல வுட்டு கியருல போட்டேன்."

வெளியே உபகாரமேரி பாயில் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றார் இன்னாசி. "எந்த கியரு?"

"மூணாவது."

"எவ்ளோ தூரம்?"

"முப்பது அடி உருண்டுச்சு. கிளட்ச வுட்டதும் டம்முன்னு ஒரு சத்தம். பின்சக்கரம் ரெண்டும் லாக்காகி ஒரு பத்தடி தார்ல இழுத்துக்கினு போச்சு."

"அப்புறம் மறுபடி உருட்டினியா?"

"இல்ல மேஸ்திரி. சத்தியமா. பயந்துட்டேன்."

"பயந்தது நல்லது." ஸ்கேலைக் கீழே வைத்தார். "சுத்துச்சுன்னு ஆயில் சொல்லிடுச்சு. டயர்லயும் தேய்ஞ்ச எடம் இருக்குது, பாத்துட்டேன். ஆனா எந்த கியரு, எவ்ளோ வேகம், ஒரு தடவையா ரெண்டு தடவையான்னு அதுங்க சொல்லாது. அது தெரிஞ்சாத்தான் எவ்ளோ தூரம் பிரிக்கணும்னு எனக்குத் தெரியும். ரெண்டு தடவ உருட்டியிருந்தா கிராங்க் ஷாப்டையும் இறக்கணும். அதுக்குத்தான் கேட்டுக்கினே இருந்தேன்."

கந்தசாமி செல்வியின் பக்கம் திரும்பவில்லை. அவள்தான் பேசினாள்.

"மூணு நாளா என் வூட்டுக்கு வந்து, பெஞ்சுல உக்காந்துக்கினு, 'வெள்ளம் இப்படி வந்துதும்மா, அப்படி வந்துதும்மா'ன்னு கத சொன்னியேண்ணா. ரெண்டாந்தரம் காப்பி வேற வாங்கிக் குடிச்ச. அதுல எந்த எடத்துலயும் இது வரலியே?"

"சொல்லணும்னுதான்மா வந்தேன்."

"காப்பி ஆறிடும்னு வுட்டுட்டியாக்கும்."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "போடுங்க மேஸ்திரி, அதையும் பாத்துடலாம்" என்றாள்.

நான்காவது கம்பி இறங்கியது. இன்னாசி கப்பியை அழுத்தினார். மூன்றாவதும் நான்காவதும் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகள். இரண்டு கம்பிகளும் அண்ணன் தம்பி போல ஒட்டி நின்று எழுந்தன. எழுந்து, மூன்றாவது நின்ற உயரத்துக்கு நான்காவது வரவில்லை. ஒரு நெல்மணியின் கனம் கீழே நின்றுவிட்டது.

அவ்வளவுதான். ஒரு நெல். இன்னாசி ஸ்கேலை இரண்டு முனைகள்மேலும் குறுக்கே வைத்தார். அது சாய்ந்து நின்றது. யாரும் பார்க்கலாம். கந்தசாமியைக் கூப்பிட்டு அவன் விரலை அந்த இடைவெளியில் வைக்கச் சொன்னார். அவன் வைத்தான். பல டன் லாரி, முப்பது அடி இறக்கம், ஒன்பது வருஷப் பழக்கம், எல்லாம் சேர்ந்து அந்த ஒரு நெல்லளவில் வந்து நின்றிருந்தன. அதை இரண்டு துண்டுப் பித்தளையால் இவர் வெளியே எடுத்துக் காட்டிவிட்டார்.

"இதோட எறங்கியிருப்பியே" என்றார் இன்னாசி மெதுவாக.

செல்வி வெளியே போய் மலைக்கு போன் பேசினாள். அவள் குரல் உள்ளே கேட்டது. "பிடுங்க வேணாம்ங்க. மண்ணுக்குள்ளயே இருக்கட்டும், ஒண்ணும் ஆவாது. பிடுங்கினாத்தான் கெட்டுப் போவும். ரெண்டு வாரம் பொறுங்க. இல்லீங்க, வண்டி ஓடுது ஓடலன்னு இல்ல. உள்ள ஒரு வேல இருக்குது."

மறுநாள் இன்ஜினின் தலையும் சேம்பரும் கழன்றன. நான்காவது பிஸ்டனும் அதைப் பிடித்திருந்த கனெக்டிங் ராடும் வெளியே வந்தன. பார்த்தால் வளைந்ததாகவே தெரியவில்லை. இன்னாசி ராடை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் படுக்கவைத்து, ஓரத்தை விரலால் தட்டினார். 'டொக், டொக்' என்று ஆடியது. மூன்றாவதிலிருந்து நல்ல ராடையும் கழற்றி வைத்துத் தட்டினார். கண்ணாடியோடு ஒட்டியது போல அசையாமல் கிடந்தது. கந்தசாமி இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தான். கண் ஏமாந்த இடத்தில் காது ஏமாறவில்லை.

புது ராடு சேலத்திலிருந்து வந்தது. அதை மாட்டிவிடுவார் என்று நினைத்தான். அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, மூன்றாவதின் பழைய ராடையும் எடுத்துக்கொண்டு, சாலைக்கு எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போனார்.

"இன்னா மேஸ்திரி, இன்னிக்கு இன்னா எடை போடணும், கத்திரிக்காயா?" என்றார் கடைக்காரர்.

"எலும்புக் கறி" என்று சொல்லி, ராடை எலெக்ட்ரானிக் தராசில் வைத்தார் இன்னாசி. புதியது பழையதைவிடப் பதினெட்டு கிராம் ஜாஸ்தி. பட்டறைக்குத் திரும்பி, அரத்தை எடுத்து, ராடில் எடை சரிபார்க்கவென்றே விட்டிருந்த தடித்த இடத்தை இழைத்தார். மறுபடி தராசு. மறுபடி அரம். நான்கு தடவை சாலையைக் கடந்தார். கடைசித் தடவை கடைக்காரரே எழுந்து வந்து எண்ணைப் படித்தார். ஒரு கிராம் வித்தியாசம்.

"ஒரு கிராம்தான மேஸ்திரி. வுடுங்களேன்."

"அது ஒரு நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் தடவ சுத்தும். ரெண்டாயிரம் தடவையும் அந்த ஒரு கிராம் இடிக்கும்" என்றவர், சிரித்துக்கொண்டு, "ஒரு கிராம வுடலாம். அஞ்ச வுட முடியாது" என்றார்.

கந்தசாமி தினமும் காலையில் வந்தான். யாரும் கூப்பிடவில்லை; வந்தான். கழுவச் சொன்னதைக் கழுவினான். சக்கரங்களின் கிரீஸ், கியர்ப் பெட்டி எண்ணெய், டீசல் டேங்க், ஒவ்வொன்றிலும் தண்ணீர் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று இன்னாசி தேடிக்கொண்டு போவதைப் பார்த்தான். எங்கும் அவர் ஊகத்தால் எதையும் மூடவில்லை. திறந்தார், பார்த்தார், துடைத்தார், பிறகு மூடினார். பிரேக்குக்குக் காற்று போகும் ஒரு குழாயின் வளைவில் கால் ஸ்பூன் தண்ணீர் இருந்தது. அதற்காக அரை நாள் போயிற்று.

பத்தாம் நாள் இன்ஜின் ஓடியது. முதலில் கையால் இரண்டு சுற்று. பிறகு நாசில் இல்லாமல் செல்ப்பில் சில சுற்று, எண்ணெய் எல்லா இடமும் ஏற. பிறகு நாசில்களை மாட்டி, டீசல் குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பினார். வெள்ளைப் புகை ஒரு கொத்து. ஒரு இருமல். அப்புறம் அந்தச் சத்தம். கந்தசாமிக்கு அது பழைய சத்தம்தான். ஆனால் இப்போது அதற்குள் மூன்று ஜோடிகள் ஏறி இறங்குவது அவனுக்குத் தெரிந்தது. பட்டறை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அருகே போகவில்லை. அந்த வண்டியை இனி ஓட்டுவது யார் என்று செல்வி இந்தப் பத்து நாளில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

இன்னாசி உடனே கொடுத்துவிடவில்லை. ஒரு மணி நேரம் நின்றபடி ஓடவிட்டு, அந்த எண்ணெயையும் வடித்தார். ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் பார்த்தார். புது எண்ணெய் ஊற்றினார். பிறகு மணல் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு மலையடிவாரம்வரை போய்த் திரும்பினார். திரும்பி வந்து இறங்கி, இன்ஜினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் செல்விக்குச் சொல்லியனுப்பினார்.

அவள் வந்தாள். இன்னாசி கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உபகாரமேரி நீட்டிய துண்டில் துடைத்து, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"முடிஞ்சுதும்மா. ஐநூறு கிலோமீட்டர் ஓடினதும் கொண்டாங்க, ஆயிலப் பாக்கணும். அதுவரைக்கும் முக்கால் லோடுதான்."

செல்வி சாவியை வாங்கவில்லை. தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "ஓட்டுறவரு அங்க நிக்கிறாரே மேஸ்திரி. அவரு கையிலயே குடுங்க. எதுன்னாலும் அன்னிக்கே சொல்ற மாதிரின்னா வாங்கிக்கச் சொல்லுங்க."

கந்தசாமி வந்தான். இரண்டு கைகளையும் நீட்டினான். இன்னாசி ஒருகணம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவியை அந்தக் கைகளில் வைத்தார்.